ஒருவழிப் பாதையில் அபூ ஹொதர்

பெய்ரூத்தில் முப்பத்தாறு வருஷம் டாக்ஸி ஓட்டியவருக்கு ஊர் முழுக்க அத்துப்படி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அபூ ஹொதரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எந்தத் தேவாலயம் எந்த முடுக்கில் இருக்கிறது, எந்தப் பூங்காவின் எந்த வாசலில் நிறுத்தினால் போலீஸ்காரன் விசில் ஊத மாட்டான், எந்தச் சிலையைச் சுற்றிக்கொண்டு போனால் நெரிசலில் தப்பிக்கலாம், எல்லாம் தெரியும். ஆனால் எல்லாமே வாசல் வரைக்கும்தான். ஆளை இறக்கினோமா, காசை வாங்கினோமா, ஹாரனை அடித்தோமா, அடுத்த சவாரி. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க டாக்ஸிக்காரனுக்கு ஏது நேரம்?

அவருடைய சொந்தப் பெயர் முஹ்யித்தீன் யம்மூத். ஊரின் மேற்கே பாஸ்தா என்கிற பேட்டையில் பிறந்து, பாஸ்தாவிலேயே பெண்ணெடுத்து, இன்றைக்கும் பாஸ்தாவிலேயே இருக்கிறார். மூத்த பையன் ஹொதர் பிறந்த அன்றிலிருந்து அபூ ஹொதர், அதாவது ஹொதரின் அப்பா. அவரைப் பெற்ற தாயே கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள். அந்தப் பையன் இப்போது ஆப்பிரிக்காவில், அபிஜானில் துணிக்கடை வைத்திருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான்.

எண்பதில் வண்டி எடுத்தார். வழியில் கை காட்டுகிற நாலு பேரை ஏற்றி, அவரவர் இடத்தில் இறக்கிவிடுகிற சர்வீஸ் டாக்ஸி. உள்நாட்டுச் சண்டையில் ஊர் கிழக்கே கிறிஸ்தவர், மேற்கே முஸ்லிம் என்று இரண்டாகப் பிளந்து கிடந்த பத்து வருஷமும் மேற்குப் பாதிக்குள்ளேயே ஓட்டினார். கிழக்குப் பக்கம் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தொண்ணூற்றொன்றில் முதல் தடவையாக ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டு கிழக்கே அஷ்ரஃபியா மேட்டில் ஏறியபோது ஸ்டீயரிங்கில் கை வியர்த்து வழுக்கியதாம். “ஏன்யா, நான் பிறந்த ஊருக்குள்ளயே நான் விசா இல்லாம வந்தவன் மாதிரி ஓட்டினேன்” என்று சொல்லிச் சிரிப்பார். ஆறே மாதத்தில் அந்த மேட்டிலும் அவருக்கு வாடிக்கை ஏற்பட்டுவிட்டது.

மனிதருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. முப்பத்தாறு வருஷத்தில் ஒருத்தரையும் சுற்றுவழியில் கூட்டிப் போனதில்லை. வெளிநாட்டுக்காரன் ஏறினாலும் சரி, ஊருக்குப் புதுசாக வந்த பட்டிக்காட்டான் ஏறினாலும் சரி, எது நேர்வழியோ அதுதான் வழி. டாக்ஸிக்காரனைத் திருடன் என்று சொல்லுங்கள், ஏன், கழுதை என்றுகூடச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வான். சுற்றி அடிக்கிறவன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு அதற்கு மேல் அவமானம் கிடையாது. அபூ ஹொதருக்கு அது மானப் பிரச்சினை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் இடது கண்ணில் சர்க்கரை வியாதி கை வைத்துவிட்டது. ஓரமெல்லாம் இருட்டு. “இனிமே ஸ்டீயரிங்கைத் தொட்டா யாரையாவது கொன்னுட்டு வந்துதான் நிப்பீங்க” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பழைய மெர்சிடிஸ், திரிப்பொலிக்காரன் ஒருத்தனுக்குப் போனது. அபூ ஹொதர் சோபாவுக்குப் போனார்.

பதினொரு மாதம் அந்த சோபாதான். அவருடைய மனைவி இன்ஸாஃபுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவளும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள்?

“தெருவுல இருக்கற ஆம்பிளைங்க எல்லாம் வேலைக்குப் போயாச்சு. என் வீட்டுல மட்டும் ஒரு பைஜாமா படுத்துக் கெடக்கு.”

“டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு.”

“டாக்டர் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னாரு. ரெஸ்ட் எடுக்கச் சொன்னது உங்க சோம்பேறித்தனம். எழுந்திருங்க, சோபாவுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுங்க.”

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தார். கால் வலியை அவர் பொருட்படுத்தவில்லை, பேச ஆளில்லாததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்தால் ராத்திரி வரை பின்சீட்டில் யாராவது இருப்பார்கள், அவர் பேசிக்கொண்டே இருப்பார். இப்போது சாலையோரத்தில் தனியாக நடந்தார். பதினொரு மாதமாக ஒருத்தரும் அவரிடம் “என்னை இந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போ” என்று கேட்கவில்லை. அதை அவர் இன்ஸாஃபிடம் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் நடந்து நடந்து அஷ்ரஃபியாவில் மார் நிக்கோலா பூங்கா வரை போய்விட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பிடித்து, எதிரில் இருக்கிற கட்டிடத்தில் யார் யார் குடியிருந்தார்கள், எந்த மாடிக்காரிக்கும் எந்த மாடிக்காரிக்கும் ஆகாது என்று கதை அளந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

“அபூ ஹொதர்? நீங்கதானா? நான் ஜோஸ்லின். காலேஜ் படிக்கறப்ப தினம் உங்க வண்டிலதான் வருவேன்.”

ஜோஸ்லினுக்கு இப்போது நாற்பது வயது. சனிக்கிழமைதோறும் ஊர்க்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு தேவாலயம், பூங்கா, நினைவுச் சின்னம் என்று காலாற நடத்திக் கூட்டிப்போகிற சிறிய சங்கம் ஒன்றை நடத்துகிறாள். கூட்டிப்போய்க்கொண்டிருந்த பையன் துபாயில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டான். அவள் பத்து நிமிஷம் அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஒரு சனிக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. நல்லா வந்துச்சுன்னா வாரா வாரம் உங்களோடதுதான். வரலைன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது, சரியா?”

சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று வாரம் இருந்தது. ஜோஸ்லின் மூன்று தாள் நிறைய வருஷங்களையும் பெயர்களையும் எழுதிக் கொடுத்திருந்தாள். பகலில் அபூ ஹொதர் ஒவ்வொரு தேவாலயமாக உள்ளே போய்ப் பார்த்தார். முன்பும் போகாமலில்லை, வாடிக்கையாளர் வீட்டுச் சாவுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறார். துக்கம் கேட்கப் போன இடத்தில் யார் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? தலையைக் குனிந்துகொண்டு போய், தலையைக் குனிந்துகொண்டே வந்துவிடுவார். இப்போது நிமிர்ந்து பார்த்தார். ஊர் நடுவில் சதுக்கத்துப் பக்கம் இருக்கிற மார் ஜிர்ஜிஸ் தேவாலயத்தில், குதிரையில் உட்கார்ந்து பாம்பைக் குத்துகிற புனித ஜிர்ஜிஸின் படத்துக்கு முன்னால் நின்று அங்கே கூட்டிக்கொண்டிருந்தவரிடம், “இவரை முஸ்லிம்கள் நாங்க ஹொதர்னு சொல்லுவோம். என் மூத்த பையனுக்கு இவர் பேருதான். நான் அபூ ஹொதர்” என்றார். கூட்டுகிறவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நீதான் இவருக்கு அப்பனா? கொஞ்சம் சொல்லி வையேன், போன மாசம் கேட்டது இன்னும் நடக்கலை.”

மாலையில் சமையலறையில் பரீட்சை. இன்ஸாஃப் ஒரு கையில் வெங்காயத்தை வதக்கிக்கொண்டே இன்னொரு கையில் தாளைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

“மார் ஷலீத்தா சர்ச் எப்பக் கட்டினது?”

“ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு.”

“மணி?”

“ஏழரை ஆகுது.”

“ஐயோ கடவுளே, சர்ச்சுல தொங்கற மணி!”

“அது எழுபத்தொண்ணு… இல்ல, அது பூங்கா. பூங்கா எப்போ?”

“நானும் உங்களோட சேர்ந்து மறந்துட்டேன். வெங்காயம் கருகிப்போச்சு.”

வாயால்தான் கேலி செய்தாள். சனிக்கிழமை காலையில் அவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. சவாரிக்குக் கிளம்புகிற நாளில் அப்படித்தான் தொங்கும். பதினொரு மாதத்துக்குப் பிறகு அதைப் பார்த்ததும் அபூ ஹொதர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மே மாதம். பூங்காவைச் சுற்றி ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துக் கொட்டிக் கிடந்தன. ஒன்பது மணிக்குப் பதினாலு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தர் தவிர மற்றவர்கள் அமைதியான ஜனங்கள். அந்த ஒருத்தர் மதாம் நோர்மா, வயது எழுபது, முப்பது வருஷம் கணக்கு டீச்சர், கையில் ஊன்றுகோல், தலையில் வைக்கோல் தொப்பி. வந்து நின்றதுமே, “எனக்கு ரெண்டு முட்டியும் ரிப்பேர். அதிகமா நடக்க வெச்சீன்னா உன் மேலதான் சாய்வேன், சொல்லிட்டேன்” என்றாள்.

அபூ ஹொதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பூங்கா இந்த வருஷம் அமைத்தது, இத்தனை மரம், இத்தனை படிக்கட்டு. தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். வாய்தான் பேசியது, கண்ணெல்லாம் ஜோஸ்லின் முகத்தில். ஒரு பையன் கொட்டாவி விட்டான்.

“ஒரு நிமிஷம்” என்று நோர்மா ஊன்றுகோலைத் தூக்கினாள். “இப்பத்தான் முப்பத்து நாலு படின்னே. அதுக்குள்ள நாப்பத்து மூணுங்கறே. எது சரி?”

“நாப்பத்து… மதாம், ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு.”

சிலர் சிரித்தார்கள். எதிரிலிருந்த மார் நிக்கோலா தேவாலயத்தில் இன்னும் மோசம். கட்டின வருஷத்தையும் குண்டடி பட்ட வருஷத்தையும் மாற்றிச் சொல்லி, கட்டுவதற்கு முன்னாலேயே தேவாலயத்தை இடித்துவிட்டார். ஜோஸ்லின் சிரிக்கவில்லை, தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபூ ஹொதர் விரல் விட்டு எண்ணினார். இன்னும் மூன்று இடம் பாக்கி. அடுத்தது மார் ஷலீத்தா, அப்புறம் கீழே மார் ஜிர்ஜிஸ், கடைசியில் சதுக்கத்துச் சிலை. அதற்குள் எப்படியாவது நிமிர்த்தியாக வேண்டும்.

தெருமுனைக்கு வந்து நின்றார்கள். அபூ ஹொதர் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துவிட்டு, “வாங்க, பின்னாடியே வாங்க” என்று இடதுபக்கம் திரும்பி இறங்கினார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நடக்கும்போது படிக்க முடியாது, ஒரு கண்ணில் வேறு இருட்டு. இறக்கத்தில் நடக்கும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இந்த பில்டிங் இருக்கே, நாலாவது மாடி. ஒரு பல் டாக்டர் இருந்தாரு. தினம் காலைல என் வண்டில ஏறுவாரு, பல் வலின்னு முனகிக்கிட்டே. ‘டாக்டரே, நீங்களே பிடுங்கிக்க வேண்டியதுதானே’ம்பேன். ‘எனக்கு என்னைக் கண்டா பயம்’பாரு.”

கொட்டாவி விட்ட பையன் சிரித்துவிட்டான். அடுத்த திருப்பத்தில், மேலே மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் தெருவையே உலுக்கியது.

“டேய் அபூ ஹொதர்! செத்துட்டேன்னு நெனச்சேன்டா உன்னை! வண்டி எங்கே?”

லோரிஸ். எண்பது வயது. இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய வண்டியில் போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டணத்துக்குச் சண்டை போட்டவள்.

“வித்தாச்சு, லோரிஸ்!”

“அப்ப உன் பின்னாடி நிக்கறவங்க எல்லாம் யாரு?”

“சவாரி!”

“பாவம்டா, வெயில்ல. இரு, இரு.” கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மூன்று மாடியும் ஆடி ஆடி இறங்கி வந்தது. கூடை நிறையப் பச்சைப் பிளம், ஒரு பொட்டலத்தில் உப்பு. “எல்லாருக்கும் குடு. நீ மட்டும் தின்னுட்டுப் போயிடாதே!”

பதினாலு பேரும் உப்பைத் தொட்டுக்கொண்டு புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தார்கள். இரண்டு இளம் ஜோடிகள் அவருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நோர்மாகூட ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் பிளம் என்று வந்தாள்.

அதற்கடுத்த முனையில் மூடிப்போன பேக்கரி ஒன்று. அதன் சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்னக் கல் பதித்திருந்தது. அபூ ஹொதர் நின்றார்.

“இது உங்க தாள்ல இல்லை, ஜோஸ்லின். ஆனா நான் இந்த இடத்துல பன்னெண்டு வருஷம் நின்னிருக்கேன். நஜீப்னு ஒருத்தர். வருஷா வருஷம் பிப்ரவரி ஒம்பதாம் தேதி என் வண்டியைத்தான் கூப்பிடுவாரு. இங்க நிறுத்தச் சொல்லுவாரு. நான் இஞ்சினை அணைக்க மாட்டேன், பின்னாடி ஹாரன் அடிப்பானே. அவரு இறங்கிப் போயி இந்தச் சுவத்துக்கிட்ட அஞ்சு நிமிஷம் நிப்பாரு. திரும்பி வந்து ‘போகலாம்’பாரு. நான் ரொட்டி வாங்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன். ஆனா ஒரு தடவைகூடக் கையில ரொட்டி இல்லை. பன்னெண்டாவது வருஷம் கேட்டுட்டேன், வாய் சும்மா இருக்குமா? ‘ரொட்டி கிடைக்கலையா?’ன்னு. அவரு சொன்னாரு, ‘என் சம்சாரம்தான் வாங்கப் போனா. வரிசைல நின்னுட்டிருந்தா. அப்பத்தான் குண்டு விழுந்துச்சு.’ அப்புறம் அவரும் பேசலை, நானும் பேசலை. அன்னிக்கு நான் காசு வாங்கிக்கலை. அடுத்த வருஷம் அவரு கூப்பிடலை. இறந்துட்டாருன்னு சொன்னாங்க.”

தெருவில் ஒரு ஸ்கூட்டர் கடந்து போனது.

“நான் இதுவரைக்கும் வண்டியை விட்டு இறங்கி இதைப் படிச்சதில்லை” என்றார் அபூ ஹொதர். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. குனிந்து, வலது கண்ணைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு பெண், “நான் படிக்கட்டுமா, பெரியப்பா?” என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு பெயராக, விரலை வைத்துக்கொண்டு படித்தார். ஒன்பது பெயர். நாலு பெண்கள். அதில் நஜீபின் மனைவி யார் என்று அவருக்குத் தெரியாது, கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று வருத்தமாக இருந்தது. ஏழாவது பெயருக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“மஹ்மூத் ஸைன். பேக்கரித் தொழிலாளி.” நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். “பேரைப் பார்த்தா இவரு எங்க மேற்குப் பக்கத்து ஆளாச்சே. அந்தக் காலத்துல எங்க பக்கத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா இங்க வர முடியாது. இவரு இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?”

“வேற என்ன?” என்றாள் நோர்மா. “மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்திருப்பாரு.”

அபூ ஹொதர் கல்லின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். இஸ்திரி போட்ட கைக்குட்டை, இன்ஸாஃப் பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

அங்கிருந்து மேட்டில் ஏறி, வலப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் திரும்பி மார் ஷலீத்தாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னத் தேவாலயம், முன்னால் நாலு படி, ஒரு எலுமிச்சை மரம். எல்லாரும் மூச்சு வாங்க நின்றார்கள். நோர்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே தெருவின் கீழ்ப்பக்கம் பார்த்தாள். அவளுடைய கை அப்படியே நின்றது.

“அது என்ன அங்கே? ஊதா மரம்? அது நாம நின்ன முனை இல்லையா?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம். கீழே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அவர்கள் இடதுபக்கம் திரும்பிய அதே முனை. அங்கிருந்து நேராக ஏறியிருந்தால் அறுபது காலடிதான்.

“அறுபது காலடில வர வேண்டிய இடத்துக்கு என்னை ஊரெல்லாம் சுத்திக் கூட்டிட்டு வந்திருக்கான்!” நோர்மாவின் முகம் சிவந்துவிட்டது. “ரெண்டு முட்டியும் ரிப்பேர்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? சுத்தி அடிச்சிருக்கான்! டாக்ஸிக்காரன் புத்தி எங்கே போகும்?”

அபூ ஹொதர் அந்த முனையைப் பார்த்தார். முனையில் ஒரு கம்பம், கம்பத்தில் பலகை. மேலேயிருந்து அதன் முதுகுதான் தெரிந்தது. ஆனால் முன்பக்கம் சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பட்டை என்று அவருக்குக் கனவிலும் தெரியும்.

“அது ஒருவழிப் பாதை, மதாம்” என்றார். “கீழேயிருந்து ஏறக் கூடாது.”

அந்தக் கொட்டாவிப் பையன், “பெரியப்பா, அது வண்டிக்கு!” என்றான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஜோஸ்லின்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்களுக்கு அது சிரிப்பு. அவருக்கு முப்பத்தாறு வருஷம் கட்டிக் காப்பாற்றியது காலடியில் சரிந்த மாதிரி இருந்தது. காசுக்காகக்கூடச் செய்யாததைக் காசில்லாமல் செய்து முடித்திருக்கிறார், அதுவும் முட்டி வலிக்கிற ஒரு மனுஷிக்கு. சட்டைப்பையிலிருந்து மூன்று தாளையும் எடுத்து ஜோஸ்லின் கையில் வைத்தார்.

“நீ சொன்ன மாதிரி நான் மனசுல வெச்சுக்கலை. இவங்களை உள்ளே கூட்டிட்டுப் போ கண்ணு. நான் ஒருத்தரையும் சுத்தி அடிச்சதில்லை. இன்னிக்கு அடிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு எலுமிச்சை மரத்தடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஜோஸ்லின் கூட்டத்தை உள்ளே கூட்டிப்போனாள். தாளைப் படிக்கிற அவளுடைய குரல் வெளியே கேட்டது. மார் ஷலீத்தா ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு, மணி எழுபத்தொன்று. எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அபூ ஹொதரின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இடது கண்தான், வியாதி, என்று துடைத்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும்தான் கோத்திருந்தது.

நோர்மா உள்ளே போகவில்லை. நாலு படியும் அவளுக்கு அதிகம். சற்று நேரம் நின்றுவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி மெதுவாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சுத்தினது இருபத்து நாலு நிமிஷம்” என்றாள்.

“மன்னிச்சுக்குங்க, மதாம்.”

“குறுக்கே பேசாதே, கணக்குச் சொல்றேன். இருபத்து நாலு நிமிஷத்துல ஒரு தடவைகூட எனக்கு முட்டி ஞாபகம் வரலை. இங்க வந்து அந்த முனையைப் பார்த்தப்புறம்தான் வலிச்சுது.” தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் பேசினது தப்பு. புத்தி, கித்தின்னு எல்லாம் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு நாக்கு முந்திக்கும். பசங்களும் என்னைக் கண்டா ஓடுவாங்க.”

அபூ ஹொதர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டாலும் சுற்றினது சுற்றினதுதானே என்று மனசு சமாதானமாகவில்லை.

உள்ளே போனவர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கொட்டாவிப் பையன் நேராக அவரிடம் வந்தான். “பெரியப்பா, அந்த நஜீப்புக்குப் பிள்ளைங்க உண்டா?”

“ஒரு பொண்ணு. பிரேசில்ல. கல்யாணத்துக்கு அவரை ஏர்போர்ட்ல நான்தான் விட்டேன். போறப்ப ஒரே அழுகை.”

“அந்தக் கூடைப் பாட்டி?” என்றாள் ஒரு பெண். “அவங்க ஞாயித்துக்கிழமை எங்கே போவாங்க?”

“அது பெரிய கதை. அவங்க தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. ஆனா போவாங்க. போயி எதிரெதிர உட்கார்ந்து காப்பி குடிச்சுட்டு வந்துடுவாங்க.”

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கினார்கள். அபூ ஹொதர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். “போதும். அடுத்தது மார் ஜிர்ஜிஸ், அப்புறம் சிலை. ஜோஸ்லினோட போங்க. அவளுக்கு எல்லா வழியும் தெரியும், நேரா கூட்டிட்டுப் போயிடுவா.”

“அவளுக்கு வழி தெரியும்” என்றாள் நோர்மா, ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டே. “வழியில யாரெல்லாம் இருக்காங்கன்னு தெரியுமா? எழுந்திரு. எனக்கும் ஒரு கை குடு.”

அவர் ஜோஸ்லினைப் பார்த்தார். அவள் அந்த மூன்று தாளையும் நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

“இது என்கிட்டயே இருக்கட்டும், அபூ ஹொதர். யாராவது வருஷம் கேட்டா நான் சொல்றேன், நீங்க சொல்ல வேண்டாம். அடுத்த சனிக்கிழமை ஒம்பது மணி. அதுக்கடுத்த சனிக்கிழமையும்.”

“நேர்வழியிலயா?”

“நீங்க எப்படி ஓட்டுவீங்களோ, அப்படி. நடுவுல மதாம் உட்கார ஒரு இடம் மட்டும் பார்த்துக்குங்க.”

அபூ ஹொதர் எழுந்தார். நோர்மாவுக்குக் கை கொடுத்து எழுப்பினார். தலைகளை எண்ணினார், பதினாலு, ஜோஸ்லினோடு பதினஞ்சு. ஒரு கையால் “வாங்க” என்று காட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

பெரிய சாலையில் இறங்கித் திரும்புகிற இடத்தில், நடைபாதை ஓரம் ஒரு பெண் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தாள். வந்த வண்டியெல்லாம் நிறைந்து போய்க்கொண்டிருந்தன. இத்தனை பேர் கும்பலாக வருவதைப் பார்த்து, “எல்லாரும் எங்கே போறீங்க?” என்று கேட்டாள்.

“சதுக்கத்துக்கு. வழியில மார் ஜிர்ஜிஸ்” என்றார் அபூ ஹொதர்.

“நானும் சதுக்கத்துக்குத்தான். வரலாமா?”

அவர் திரும்பித் தன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சவாரி ஏற்றிக்கொள்கிற பாவனையில் தாடையை லேசாக ஆட்டி, அவள் கையிலிருந்த பைகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“ஏறிக்கோ கண்ணு.”

நோர்மா ஓரமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.